மரண அறிவித்தலும் மட்டக்களப்பு நிருபரும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் தமிழ்ப் பத்திரிகையைக் கொடுத்தால் அவர் பெரும்பாலும் முதலில் திருப்புவது மரண அறிவித்தல் பக்கத்தைத்தான். யார் போய்விட்டார், எந்த ஊர்க்காரர், யாருடைய மைத்துனர், பூதவுடல் எந்த மலர்ச்சாலையில், கிரியை எத்தனை மணிக்கு, தகனம் கனத்தையிலா கல்கிசையிலா மாதம்பிட்டியிலா என்பதெல்லாம் தெரிந்த பிறகே பாராளுமன்றத்தில் யார் என்ன பேசினார் என்பதற்கு வருவார். அந்தப் பக்கம் உறவுகளின் பதிவேடு. கூடவே பத்திரிகையின் வருமானப் பக்கமும் அதுதான். செய்தியைக் காசு கொடுத்துப் போடுவார் எவருமில்லை. அப்பாவின் மரணத்தை, அந்தியேட்டியை, முப்பத்தோராம் நாள் நன்றி நவிலலை, பத்தாம் ஆண்டு நினைவஞ்சலியைக் காசு கொடுத்துத்தான் போட்டார்கள். வருடத்துக்கு வருடம் அதே படத்துடன், அதே பெட்டிக்குள் போட்டார்கள்.

இணையம் வந்ததும் செய்தி வாசிப்பவர் குறைந்துவிட்டார் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. தமிழில் செய்தி வாசிப்பவர்கள் இன்று இருப்பதைப்போல் முன்பு ஒருபோதும் இருந்ததில்லை. ரொறன்ரோவில் பஸ்ஸில் போகிறவரும் ஹற்றனில் லயத்து வாசலில் இருக்கிறவரும் கொழும்புச் செய்தியை ஒரே நிமிடத்தில் வாசிக்கிறார்கள். பத்திரிகை இழந்தது சிறு விளம்பரங்களை. மரண அறிவித்தல், மணமகன் தேவை, அனெக்ஸ் வாடகைக்கு, கார் விற்பனைக்கு என்ற அந்தச் சின்னப் பெட்டிகளே மட்டக்களப்பிலும் மன்னாரிலும் வவுனியாவிலும் நிருபர் வைத்திருக்கப் பணம் தந்தவை. பெட்டிகள் போய்விட்டன. நிருபருக்கு இனி யார் பணம் கொடுப்பது என்பதே இந்தச் சொற்பொழிவு கேட்கும் கேள்வி.

கொழும்பின் தமிழ்ப் பத்திரிகைத் தொழில் வணிகர்களின் ஊக்கத்தில் எழுந்தது. தமிழகத்தின் ஆவணிப்பட்டியிலிருந்து வந்த பெ. பெரி. சுப்பிரமணியம் செட்டியார் 1930 ஆகஸ்ட் 6 ஆம் திகதி வீரகேசரியைத் தொடங்கினார். மணிக்கொடி இதழின் எழுத்தாளர் வ.ரா. கொழும்புக்கு வந்து அதற்கு ஆசிரியராக இருந்தார். 1932 மார்ச் 15 ஆம் திகதி டி. ஆர். விஜேவர்தனவின் லேக் ஹவுஸிலிருந்து தினகரன் வந்தது. 1997 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டித் தினக்குரல் வந்தது. வீரகேசரி கிராண்ட்பாஸ் வீதியில், தினக்குரல் மட்டக்குளி எலி ஹவுஸ் வீதியில். இரண்டும் கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில். செட்டியார் தெரு நகைக்கடைகளும் புறக்கோட்டை மொத்த வியாபாரிகளும் விளம்பரம் தந்தார்கள். துறைமுகத்தையும் சந்தையையும் ஒட்டிய வடகொழும்பு வணிகமே அச்சு இயந்திரத்தைச் சுழற்றியது.

பிராந்திய நிருபர் என்ற ஆள் இந்தக் கதையின் நடுவில் நிற்கிறார். அவர்களில் மிகப் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசுரமான செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று மாத முடிவில் கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். அந்தச் சிறு தொகைக்காக அவர்கள் செய்த வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு இரண்டு பெயர்களைச் சொன்னால் போதும். பிபிசி தமிழோசைக்கும் வீரகேசரிக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 ஆம் திகதி இரவு, ஊரடங்கு நேரத்தில், தன் வீட்டில் கொல்லப்பட்டார். வீரகேசரியின் மட்டக்களப்பு நிருபர் அய்யாத்துரை நடேசன் 2004 மே 31 ஆம் திகதி காலை வேலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது, மட்டக்களப்பில் என்ன நடந்தது என்பதைக் கொழும்பு வாசகன் அறிந்தது இவர்கள் வழியாக. இவர்களைப் பத்திரிகைப் பக்கத்துக்குக் கொண்டுவரச் செலவான காசில் ஒரு பங்கு, ஏதோ ஒரு குடும்பம் தன் தகப்பனுக்குப் போட்ட நினைவஞ்சலியிலிருந்து வந்தது.

இணையம் அல்லாத காரணங்களாலும் தமிழ்ப் பத்திரிகைகள் செத்திருக்கின்றன, அடிபட்டிருக்கின்றன. அதையும் சொல்லியாக வேண்டும். எஸ். டி. சிவநாயகத்தின் ஆசிரியத்துவத்தில் 1966 முதல் வந்த தினபதி, அது சார்ந்த நிறுவனத்துக்கு 1974 இல் அரசு முத்திரையிட்டபோது நின்றது. 1977 இல் மீண்டும் எழுந்து பின்னர் நிரந்தரமாக மறைந்தது. யாழ்ப்பாணத்து ஈழநாடு அலுவலகம் 1981 இல், நூலகம் எரிந்த அதே நாட்களில், எரிக்கப்பட்டது. 2006 மே 2 ஆம் திகதி உதயன் அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் அச்சுத் தாள் வராதபோது யாழ்ப்பாணப் பத்திரிகைகள் கொப்பித் தாளில்கூட அச்சாகின. தீயையும் துப்பாக்கியையும் தடையையும் தாண்டி வந்த தொழில் இது. அப்படி வந்ததை இப்போது அரிப்பது வேறு வகையான ஒன்று. அதற்கு முகம் கிடையாது, அதை எதிர்த்து ஊர்வலம் போக முடியாது. அதனால்தான் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

இலங்கைத் தமிழரின் இணையச் செய்தி போரின் நடுவே பிறந்தது. 1997 இல் தொடங்கிய தமிழ்நெட், வடக்கு கிழக்கிலிருந்து நிருபர்கள் அனுப்பியதை ஆங்கிலத்தில் உலகுக்குக் கொடுத்தது. கொழும்பில் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை இருந்த காலத்தில் வெளிநாட்டுத் தூதரகங்களும் அதைத் திறந்து பார்த்தன. அதன் ஆசிரியர் தர்மரத்தினம் சிவராம், தராக்கி என்ற பெயரில் எழுதியவர், 2005 ஏப்ரல் 28 ஆம் திகதி இரவு பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டார். மறுநாள் பாராளுமன்றத்துக்கு அருகே அவருடைய உடல் கிடந்தது. 2007 ஜூனில் அந்தத் தளம் இலங்கையில் முடக்கப்பட்டது. தமிழ்நெட்டின் சார்புகளைப் பற்றி வாதாடலாம். ஆனால் அச்சு இயந்திரமும் லொறியும் முகவரும் இல்லாமல் செய்தி கடல் கடக்கும் என்பதை இந்த நாட்டில் முதலில் காட்டியது அதுதான்.

தமிழ்ப் பத்திரிகைகள் இணையத்துக்கு வந்த வழி அவ்வளவு நேரானதாக இருக்கவில்லை. எழுத்துருச் சிக்கலே பல ஆண்டுகளைத் தின்றது. இலங்கையில் தட்டச்சு செய்தவர்கள் பெரும்பாலும் பாமினியில் செய்தார்கள். பாமினியில் அடித்த செய்தி, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். கூகுள் தேடலில் அது கிடைக்காது. பத்திரிகைப் பக்கத்துக்குப் பாமினியில் அடித்து, இணையத்துக்கு அதையே யூனிகோட்டாக மாற்றி, மாற்றும்போது உடைந்த கொம்புகளையும் கால்களையும் கையால் திருத்தி ஏற்றுவது ஆசிரியபீடத்தில் ஒருவரின் முழுநேர வேலையாக இருந்தது. இதற்கிடையே புலம்பெயர்ந்த இளைஞர்கள் தொடக்கத்திலிருந்தே இணையத்துக்காக எழுதப்பட்ட தளங்களைக் கட்டிவிட்டார்கள்.

மரண அறிவித்தல் அந்தத் தளங்களுக்குப் போனது. போனதில் நியாயம் இருக்கிறது. நெடுந்தீவைப் பிறப்பிடமாகவும் கொட்டாஞ்சேனையை வதிவிடமாகவும் கொண்ட ஒருவர் காலமானால் அவருடைய ஒரு மகன் ஸ்காபரோவில், ஒரு மகள் ஹரோவில், தம்பி பாரிஸில், மருமக்கள் ஒஸ்லோவில். மறுநாள் காலை கொழும்பில் வரும் பத்திரிகை அவர்களில் எவர் கைக்கும் போகாது. லங்காசிறி போன்ற தளத்தில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். படம் பெரிதாக இருக்கும். பெயர்களை விரல்விட்டு எண்ணிச் சுருக்க வேண்டியதில்லை, பேரப்பிள்ளைகள் அத்தனை பேரையும் போடலாம். ஒவ்வொரு நாட்டுக்கும் தொடர்பு இலக்கம் கொடுக்கலாம். கீழே கண்ணீர் அஞ்சலி எழுதலாம். கிரியை நேரலையாக வரும். பத்திரிகையின் பெட்டியால் இதில் எதையும் செய்ய முடியாது. இதற்கு முன் இலங்கை வானொலி மரண அறிவித்தல் வாசித்தது. அதுவும் ஸ்காபரோ வரை கேட்கவில்லை.

அவ்வளவு வசதியும் வந்த பிறகு, அறிவித்தலுக்குக் கட்டிய பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். முன்பு கிராண்ட்பாஸ் வீதிக்குப் போய் அங்கிருந்து ஒரு சிறு துளியாவது மட்டக்களப்புக்குப் போனது. இப்போது ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ உள்ள ஒரு கணக்குக்குப் போகிறது. அந்தத் தளங்களிலும் செய்தி இருக்கிறது, சிலவற்றில் உழைத்து எழுதிய செய்தியும் இருக்கிறது. ஆனால் அறிவித்தல் வருமானத்துக்கும் பிராந்திய நிருபரின் கூலிக்கும் இடையே இருந்த குழாய் அறுந்துவிட்டது. வீடு வாடகையும் வாகன விற்பனையும் 2012 இல் தொடங்கிய இக்மன் தளத்துக்குப் போயின. வெள்ளவத்தையில் இரண்டு அறை வீடு தேடுபவர் ஞாயிறு வாரவெளியீட்டுக்காகக் காத்திருப்பதில்லை. மணமகன் தேவைப் பக்கம் இன்னும் பத்திரிகையில் இருக்கிறது, ஆனால் திருமண இணையத்தளங்களுக்கு அடுத்தபடிதான்.

இது கொழும்புக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1995 இல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற இலவச விளம்பரப் பட்டியல் தொடங்கியபோது எந்தப் பத்திரிகை அதிபரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 2005 இல் அமெரிக்கப் பத்திரிகைகளின் விளம்பர வருமானம் ஏறத்தாழ 4,900 கோடி டொலர். 2020 இல் அது ஆயிரம் கோடிக்கும் கீழே இறங்கியது. வாசகர் கொடுத்த பணம் விளம்பரதாரர் கொடுத்த பணத்தை விட அதிகமானது அந்த ஆண்டில்தான், அங்கே அளவெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து முதல் தடவையாக. நூறாண்டாக விளம்பரத்தின் முதுகில் ஏறி வந்த செய்தி கீழே இறக்கிவிடப்பட்டது என்பதே அந்த எண்களின் பொருள்.

பத்திரிகைகளும் இணையத்தில் விளம்பரம் போட்டுப் பிழைக்கலாமே என்று கேட்கலாம். தமிழுக்கு அந்தக் கதவு திறந்ததே தாமதமாக. கூகுள் தன் விளம்பரச் சேவை ஆதரிக்கும் மொழிகளில் தமிழைச் சேர்த்தது 2018 பெப்ரவரியில். அதுவரை தமிழ்த் தளங்கள் முறைப்படி அந்த வருமானத்தை எதிர்பார்க்க முடியவில்லை. திறந்த பிறகும் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது. விளம்பரத்தின் விலை பார்ப்பவர் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. கனடாவில் ஒருவர் திறக்கும் பக்கத்துக்குக் கிடைப்பது திருகோணமலையில் ஒருவர் திறப்பதற்குக் கிடைப்பதை விடப் பல மடங்கு. ஆகவே தளம் நடத்துபவர் புலம்பெயர்ந்தவர் விரும்பித் திறப்பதைத் தேடி எழுதுகிறார். கிளிநொச்சியில் ஒரு குளத்தின் அணைக்கட்டு உடையும் நிலையில் இருக்கிறது என்ற செய்தி அங்கே வயல் செய்பவனுக்கு உயிர்ச் செய்தி. ஆனால் சில ஆயிரம் பேர்தான் திறப்பார்கள், திறப்பவர்களும் விலை குறைந்த வாசகர்கள். சினிமா நடிகையின் விவாகரத்து அதைக் காட்டிலும் லாபம் தரும். ஆசிரியபீடத்தில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, கணக்கு இந்த வேலையைத் தானாகச் செய்துவிடும்.

இலங்கை வாசகர்கள் அறியாமலே அவர்கள் மீது நடந்த ஒரு பரிசோதனையை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 2017 ஒக்டோபரில் பேஸ்புக், இலங்கை உட்பட ஆறு நாடுகளில், பத்திரிகைகளின் பதிவுகளைப் பயனரின் பிரதான ஓட்டத்திலிருந்து எடுத்து எக்ஸ்புளோர் என்ற தனி அறைக்குள் போட்டது. மற்றவை பொலிவியா, குவாத்தமாலா, சேர்பியா, சிலோவாக்கியா, கம்போடியா. பணம் கட்டிய பதிவுகள் மட்டும் பழைய இடத்தில் வந்தன. யாரிடமும் கேட்கவில்லை. அந்த நாடுகளில் செய்தித் தளங்களின் வருகை சரிந்தது. 2018 மார்ச் தொடக்கத்தில், மக்களுக்கு இது பிடிக்கவில்லை என்று சொல்லிப் பரிசோதனையை நிறுத்தினார்கள். கலிபோர்னியாவில் ஒரு அலுவலகத்தில் எடுத்த முடிவினால் கொழும்பில் ஒரு பத்திரிகையின் வாசகர் ஓரிரவில் குறையவும் கூடவும் முடியும் என்றால், அந்தப் பத்திரிகையின் முகவர் யார்? முன்பு கொட்டாஞ்சேனை முகவருடன் பேசி, சண்டை பிடித்து, பாக்கி வசூலிக்கலாம். இந்த முகவருடன் பேசவே வழியில்லை.

திருட்டும் இருக்கிறது. பிராந்திய நிருபர் ஒருவர் நீதிமன்றத்தில் காலையிலிருந்து உட்கார்ந்து எழுதி அனுப்பிய செய்தி, பத்திரிகையின் தளத்தில் ஏறிய சில நிமிடங்களில் பல தளங்களில் இருக்கும். தலைப்பை மாற்றி, முதல் வரியில் ஒரு அதிர்ச்சிச் சொல்லைச் சேர்த்திருப்பார்கள். அவருடைய பெயர் இருக்காது. யூடியூப்பில் ஒருவர் அதை அப்படியே வாசித்து, தான் கண்டுபிடித்ததுபோல் முடிப்பார். மின்னிதழோ விடியும் முன்பே பிடிஎப் கோப்பாக வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அனுப்புபவர் உதவி செய்வதாக நினைக்கிறார். இந்தியாவில் இது நீதிமன்றம் வரை போனது. ஹிந்தி நாளிதழான தைனிக் ஜாக்ரனின் மின்னிதழைப் பரப்பிய டெலிகிராம் குழுக்களை முடக்குமாறு டெல்லி உயர்நீதிமன்றம் 2020 மேயில் உத்தரவிட்டது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அப்படி ஒரு வழக்கைத் தொடுக்கும் பணபலம் இல்லை.

வேகத்தின் மறுபக்கத்தைக் கொட்டாஞ்சேனை மிக அருகில் பார்த்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. முதல் படங்கள் பத்திரிகையாளர் எடுத்தவையாக இருக்கவில்லை, அங்கே நின்றவர்கள் கைத்தொலைபேசியில் எடுத்தவை. தெருவுக்கு வந்து தேடிய குடும்பங்களுக்கு அவை உதவின. அதே தொலைபேசி வழியாக, அடுத்த குண்டு எங்கே, எந்த வான் வருகிறது என்று பொய்யும் வந்தது. அரசு அன்றே பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப் உள்ளிட்டவற்றை முடக்கியது. தடை அந்த மாத இறுதி வரை நீடித்தது. அதற்கு ஓராண்டுக்கு முன், 2018 மார்ச்சில், திகனையில் முஸ்லிம்கள் மீது வன்முறை நடந்தபோதும் இப்படித்தான் முடக்கினார்கள். அந்த வன்முறையைத் தூண்டிய சிங்களப் பதிவுகளை உரிய நேரத்தில் நீக்கத் தவறியதில் தன் பங்குக்காக பேஸ்புக் 2020 மேயில் மன்னிப்புக் கேட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து.

தடை விதித்த அந்த நாட்களில் கொட்டாஞ்சேனை மக்கள் எதை நம்பினார்கள்? வானொலியையும் தொலைக்காட்சியையும் மறுநாள் காலைப் பத்திரிகையையும். பொலிஸ், ஆஸ்பத்திரி, ஆலயம் என்று மூன்று இடத்தில் கேட்டுப் பார்த்து எழுதிய பெயர்ப் பட்டியலுக்கு இருந்த மதிப்பை அந்த வாரம் மீண்டும் காட்டியது. அப்படிக் கேட்டுப் பார்ப்பதற்கு ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

2020 மார்ச் 20 ஆம் திகதி ஊரடங்கு வந்தபோது விநியோகம் நின்று, பல நாளிதழ்கள் மின்னிதழாக மட்டும் வந்தன. காலையில் தேநீருடன் பேப்பர் என்ற பழக்கம் பல வீடுகளில் அந்த மாதங்களில் அறுந்தது, பிறகு ஒட்டவில்லை. அதன் மேல் 2022 இன் பொருளாதார நெருக்கடி விழுந்தது. அச்சுத் தாள் முழுவதும் இறக்குமதி, விலை டொலரில். மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். மார்ச் 26 ஆம் திகதி சனிக்கிழமை உபாலி நிறுவனத்தின் தி ஐலண்ட், திவயின ஆகிய இரண்டும் அச்சில் வராமல் இணையத்தில் மட்டும் வந்தன. மற்றப் பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன, விலையைக் கூட்டின. பக்கம் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது பிராந்தியச் செய்திதான்.

அதே காலத்தில் காலிமுகத்திடலில் நடந்த அரச எதிர்ப்புப் போராட்டத்தை நாடு முழுவதும் பேஸ்புக் நேரலையில் பார்த்தது. ஏப்ரல் 3 ஆம் திகதி சமூக ஊடகங்களை முடக்கிய அரசு, ஒரு நாள் முடிவதற்குள் தடையை விலக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இணையம் குடிமக்களுக்குக் கொடுத்த பலத்தை யாரும் மறுக்க முடியாது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் ஆண்டுக்கணக்கில் நடத்தும் போராட்டம், கொழும்பின் பெரிய ஊடகங்கள் மறந்த பிறகும், கைத்தொலைபேசியால்தான் வெளியே தெரிகிறது. அந்தப் பலத்தைக் கண்டு அஞ்சிய அரசு 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஜனவரி 24 இல் பாராளுமன்றத்தில் நிறைவேறி, பெப்ரவரி 1 இல் சபாநாயகர் கையொப்பமிட்டார். எது பொய்ச் செய்தி என்று ஆணைக்குழு ஒன்று தீர்மானிக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் எழுதும் ஒரு நிருபருக்கு அந்த வாசகம் எப்படிக் கேட்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அரசின் கையில் இன்னொரு பிடியும் இருக்கிறது. விளம்பரம் சுருங்கச் சுருங்க, கேள்விப்பத்திர அறிவித்தல்களும் அரச விளம்பரங்களும் பத்திரிகையின் வருமானத்தில் பெரிய பங்காகின்றன. மும்மொழியிலும் நாளிதழில் வெளியிட வேண்டும் என்று சட்டம் சொல்லும் அறிவித்தல்கள் சில இருக்கின்றன. தமிழ்ப் பத்திரிகைக்கு அது ஒரு பாதுகாப்பு. ஆனால் எந்தத் தமிழ்ப் பத்திரிகைக்கு என்பது கொடுப்பவரின் விருப்பம். 1973 இல் லேக் ஹவுஸை அரசு எடுத்துக்கொண்ட நாளிலிருந்து தினகரன் எந்த ஆட்சி வந்தாலும் அந்த ஆட்சியின் குரலாக ஒலிக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் விமர்சகர் கைலாசபதி ஆசிரியராக இருந்து எழுத்தாளர் தலைமுறை ஒன்றை வளர்த்த பத்திரிகை அது.

வெளிநாடுகளில் மூன்று வழிகளை முயன்றிருக்கிறார்கள். முதலாவது, வாசகரிடமே கேட்பது. நியூயோர்க் டைம்ஸ் 2011 மார்ச்சில் இணைய வாசகரிடம் சந்தா கேட்டபோது பலர் அதைத் தற்கொலை என்றார்கள். இன்று அதன் சந்தாதாரர் ஒரு கோடிக்கும் மேல். ஆங்கிலத்தில் உலகம் முழுவதும் வாசகர் இருக்கும் பத்திரிகைக்கு அது கூடியது. இரண்டாவது, கூகுளையும் பேஸ்புக்கையும் பணம் கொடுக்க வைப்பது. 2021 பெப்ரவரியில் அவுஸ்திரேலியா அப்படி ஒரு சட்டத்தைக் கொண்டுவர, பேஸ்புக் சில நாட்கள் அங்கே செய்தியையே நிறுத்தி, பின் பேரம் பேசியது. கனடா 2023 ஜூனில் சட்டம் இயற்றியது. கூகுள் ஆண்டுக்குப் பத்துக் கோடி கனேடிய டொலர் தர உடன்பட்டது. மெட்டா மறுத்து, ஆகஸ்ட் முதல் கனடாவில் பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் செய்தியை முழுதாக மறைத்துவிட்டது. கனேடிய ஊடகங்களின் செய்தியுடன் வெளிநாட்டு ஊடகங்களின் செய்தியும் மறைந்தது. அதனால் ஸ்காபரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்தவர் கொழும்புத் தமிழ்ப் பத்திரிகையின் பேஸ்புக் பக்கத்தைத் திறந்தால் அங்கே அவருக்குச் செய்தி இல்லை. இரண்டரைக் கோடிக்குக் குறைவான மக்களைக் கொண்ட இலங்கை, அதிலும் தமிழ்ப் பத்திரிகை, இந்த நிறுவனங்களுடன் பேரம் பேசும் நிலையில் இல்லை.

மூன்றாவது வழி, கொடையாளர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2006 இல் தொடங்கிய கிரவுண்ட்வியூஸ், பின்னர் 2014 இல் தமிழில் தொடங்கிய மாற்றம் ஆகியவை பெரிய பத்திரிகைகள் தொடத் தயங்கியதை எழுதின. இவற்றின் சேவை பெரியது. ஆனால் கொடையாளர் பணம் கொடையாளர் நாட்டின் அரசியலோடு வரும், அதோடு போகும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை ஒரே கையொப்பத்தில் நிறுத்தியபோது உலகின் பல நாடுகளில் சுதந்திர ஊடகங்கள் ஒரே வாரத்தில் தடுமாறின.

ஆகவே முதலாவது வழிக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. இந்த நகரம் அதற்குப் புதியதும் இல்லை. 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் மல்லிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா அதைத் தெருத்தெருவாக நடந்து கையால் விற்றார். போர்க்காலத்தில் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனைக்கு அருகே ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து அதைத் தொடர்ந்து நடத்தினார். நானூறு இதழ்கள் வந்தன. பெரிய விளம்பரதாரர் இல்லை, வாசகரின் சந்தாவும் அவருடைய கால்களும்தான். மல்லிகை ஒரு சிற்றிதழ், தினமும் பல மாவட்டங்களிலிருந்து செய்தி எடுக்கும் நாளிதழுக்கு அது போதாது என்று சொல்லலாம். சரிதான். ஆனால் தமிழ் வாசகன் எழுத்துக்குக் காசு கொடுக்க மாட்டான் என்ற பேச்சை அந்த இதழ்கள் பொய்யாக்கிவிட்டன.

பத்திரிகைகளும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். மரண அறிவித்தலை அச்சிலும் தளத்திலும் ஒரே கட்டணத்தில், உலகம் முழுவதும் தெரியும்படி, நேரலை வசதியுடன் கொடுக்க அவர்களால் முடியும். தொண்ணூறு ஆண்டுகளின் நம்பிக்கை அவர்களிடம் இருக்கிறது, புதிய தளங்களிடம் இல்லாதது அதுதான். பழைய இதழ்கள் இன்னொரு புதையல். 2005 முதல் நூலகம் நிறுவனத்தின் தன்னார்வலர்கள் ஈழத்துப் பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாக வருடி இலவசமாக வைத்திருக்கிறார்கள். பத்திரிகை நிறுவனங்கள் தாமே செய்திருக்க வேண்டிய வேலை அது. தங்கள் பழைய பக்கங்களைத் தேடக்கூடியபடி திறந்தால் ஆய்வாளரும் பூர்வீகம் தேடும் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகளும் பணம் கொடுத்து வருவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்தியின் தலையில் பிராந்திய நிருபரின் பெயர் வர வேண்டும். யாருக்குப் பணம் கொடுக்கிறோம் என்று வாசகனுக்குத் தெரிய வேண்டும். வாசகர் சந்தாவில் இத்தனை பங்கு நிருபர்களுக்கு என்று பகிரங்கமாக அறிவிக்கும் முதல் தமிழ்ப் பத்திரிகையின் பின்னால் மக்கள் நிற்பார்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொலைபேசி டேட்டாவுக்கும் கேபிளுக்கும் மாதம் தவறாமல் பணம் கட்டாத வீடு குறைவு. அந்தப் பட்டியலில் தமிழ் நாளிதழ் ஒன்றின் சந்தாவையும் சேருங்கள், அச்சோ மின்னிதழோ உங்கள் விருப்பம். வட்ஸ்அப்பில் பிடிஎப் வந்தால் அதை மேலே அனுப்பாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் ஊருக்கு அனுப்பும் பணத்தில் ஒரு சந்தாவும் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். முல்லைத்தீவிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் அடுத்த ஆண்டும் செய்தி வர வேண்டுமானால் அங்கே ஒரு நிருபர் இருக்க வேண்டும். அவருக்குப் பணம் கொடுக்க இப்போது எஞ்சியிருப்பவர்கள் நீங்கள்தான்.